‘ஓட ஓட செட் ஆகிவிடும்’ என்று சொன்னால் வண்டியை எடுக்காதீர்கள்

ஜீப்பை உயர்த்தி ஸ்டியரிங் பாகங்களில் கை வைக்கப் போகிறவர்கள், அதிலும் அதே வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள், பட்டறையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள ஜீப். வார நாட்களில் வேலைக்கும் மகளின் பள்ளிக்கும் ஓடும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் காட்டுப் பாதை. வண்டியை உயர்த்த 3 அங்குல லிஃப்ட் கிட் போட்டு, டயரையும் பெரிதாக மாற்றியிருந்தேன். அதிலிருந்து பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பத் தொடங்கியது. அதைச் சரிசெய்யத்தான், இந்த மாதிரி வேலைக்கென்றே பெயர் வாங்கியிருந்த ஒரு பட்டறைக்குப் போனேன்.

பேசி முடித்தது இதுதான்: கெட்டியான புது டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராட்), புது டை ராட் (இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் ராட்), டிராப் பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பெட்டியில் டிராக் லிங்க்கைப் பிடிக்கும் கையைத் தாழ்வாக வைப்பது), கடைசியில் அலைன்மெண்ட். "இது தினமும் ஓடுகிற வண்டி, நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாங்க வேண்டும்" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். "கவலையே வேண்டாம் சார்" என்றார் பட்டறைக்காரர்.

எடுத்த அன்றே வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி நடுவுக்கு வரவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கையில் நடுக்கம். திரும்பக் கொண்டுபோனேன். "புது ஜாயின்ட் இல்லையா சார், ஓட ஓட செட் ஆயிடும்." ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து மறுபடியும் போனேன். இந்த முறை பெரிய ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை மாட்டி, அதற்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். நடுக்கம் நின்றது. நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், அது ஏன் வருகிறது என்பதைச் சரிசெய்யாது. நோயாளிக்கு வலி தெரியாமல் ஊசி போட்டு அனுப்புவது போன்ற வேலை அது. அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மூன்றே வாரம். ஒரு பாலத்தின் இணைப்பு இடைவெளியில் ஏறும்போது வேகம் 70 இருக்கும். முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஸ்டியரிங் கையை உதறியது. டாஷ்போர்டில் இருந்ததெல்லாம் கீழே கொட்டியது. பின்சீட்டில் மகள். பிரேக்கைப் போட்டு மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல் பிடித்தபடியே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். பின்னால் லாரி எதுவும் வராதது எங்கள் நல்ல காலம்.

வண்டியை இழுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஜாக் போடவே இல்லை. சக்கரம் தரையில் நிற்கும்போதே என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொன்னார். கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் தன் ஆளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, என்னைக் கீழே கூப்பிட்டு, பான்ஹார்ட் ராட் (அச்சு பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்திருக்கும் ராட்) போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் என் விரலை வைத்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘டக், டக்’ என்று விரலில் இடித்தது. போல்ட் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

அது வெறும் தொடக்கம். ‘புது’ டிராக் லிங்க் என்று பில் போட்டிருந்தது என் பழைய ராடேதான். நடுவில் வெட்டி, ஒரு துண்டு சேர்த்து வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். வெல்டிங்கைத் தாங்க உள்ளே ஸ்லீவ் என்ற குழாய்த் துண்டுகூட இல்லை. கம்பி பிரஷ்ஷால் பெயின்ட்டைத் தேய்த்ததும், வெல்டிங்கை ஒட்டித் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. டை ராட் முனைக்கான துளையை, கூம்பு வடிவில் குடையும் டேப்பர் ரீமர் போடாமல் சாதாரண டிரில்லால் நேராகத் துளைத்திருந்தார்கள். நட் இறுக்கமாகத்தான் இருந்தது, உள்ளே தண்டு ஆடிக்கொண்டிருந்தது. நட் கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி.

பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்புவதை இவர்கள் வேலை ஏன் சரிசெய்யவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. டிராக் லிங்கும் பான்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான், அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் போகும், சக்கரம் தானாகத் திரும்பாது. லிஃப்ட் போட்டதும் இரண்டுமே சரிந்துவிடுகின்றன. டிராப் பிட்மேன் ஆர்ம் போட்டு ஒன்றை மட்டும் தாழ்த்திவிட்டு, பான்ஹார்ட் ராடின் பிராக்கெட்டை அப்படியே விட்டிருந்தார்கள். வண்டியை உயர்த்தியதில் குறைந்துபோன காஸ்டர் கோணத்தையும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) யாரும் தொடவில்லை. ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்பாததற்கு அதுதான் காரணம். அலைன்மெண்ட் செய்ததாகப் பில்லில் இருந்தது, அளவுத் தாள் கேட்டபோது கிடைக்கவில்லை.

படங்களோடு பழைய பட்டறைக்குப் போனேன். "நீங்கள் காட்டில் அடித்து ஓட்டியிருப்பீர்கள்" என்றார். வேலை முடிந்த பிறகு வண்டி காட்டுப் பக்கமே போகவில்லை. வெட்டிய ராடை அவர் மேசையில் வைத்தேன். அதைப் பார்க்காமலே பேசினார். பணம் திரும்ப வரவில்லை.

இப்போது பிராக்கெட் மாற்றி, ஒரே துண்டான ராட் போட்டு, காஸ்டரைச் சரிசெய்து ஓட்டுகிறேன். ரோஸ் ஜாயின்ட்டும் (உலோகக் குண்டு உள்ள திறந்த ஜாயின்ட்) போடலாமா என்று புது மெக்கானிக்கிடம் கேட்டேன். தினசரி வண்டிக்கு வேண்டாம், ரப்பர் உறை இல்லாததால் மண்ணும் தண்ணீரும் ஏறிச் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று தடுத்துவிட்டார்.

நீங்கள் வேலைக்கு விட்டால், கழற்றிய பழைய பாகங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பழைய டிராக் லிங்க்கைத் தர முடியவில்லை என்றால், அது உங்கள் வண்டியிலேயே இருக்கக்கூடும். பெயின்ட் அடிப்பதற்கு முன் ராடைப் பாருங்கள். அலைன்மெண்ட் அளவுத் தாள் கையில் வராமல் பணத்தை முடிக்காதீர்கள். ஏற்கெனவே செய்து முடித்து, நடுக்கத்துக்கு டேம்பர் மாட்டி அனுப்பப்பட்டவர்கள், நாளை காலை வண்டியை எடுக்கும் முன் ஒருவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து அந்த ஜாயின்ட்களில் விரல் வைத்துப் பாருங்கள்.