"நெற்வேர்க் கார்ட் எரிஞ்சிட்டுது" எண்டு சொன்னா நம்பிடாதேங்கோ, எனக்கு 38,500 ரூபா போட்டுது

எழுதேக்க கை நடுங்குது. 38,500 ரூபா. செய்யாத வேலைக்கு.

யாழ்ப்பாணம் கொக்குவிலில சின்னக் கணக்கு ஒஃபிஸ் ஒண்டு வைச்சிருக்கிறன், நாலு கொம்பியூட்டர், எல்லாத்துக்கும் ஒரேயொரு லேசர் பிறின்ரர், நெற்வேர்க் வயரில. போன மாசம் பைபர் இன்ரநெற் எடுத்து, வந்தவை புது றவுட்டர் (எல்லா மெசினுக்கும் இன்ரநெற்றையும் நெற்வேர்க் விலாசத்தையும் குடுக்கிற பெட்டி) பூட்டிப்போட்டுப் போச்சினம். அடுத்த நாள் தொடக்கம் நாலிலயும் பிறின்ரர் 'ஒஃப்லைன்' எண்டு காட்டுது. ஆனா பிறின்ரரில போட்டோகொப்பி எடுத்தா வடிவா வருது. அங்கயே யோசிச்சிருக்கோணும்.

ரவுணில கொம்பியூட்டர் திருத்துற கடை ஒண்டு, பேர் வேண்டாம். வந்த தம்பி சரியான மரியாதை. வாசல்ல சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தான், தேத்தண்ணியும் வேண்டாமாம். கறுப்பு விண்டோவைத் திறந்து 192.168.1.50 எண்ட விலாசத்துக்கு பிங் அடிச்சான் (அந்த விலாசத்தில மெசின் இருக்கோ எண்டு கூப்பிட்டுப் பாக்கிறது), நாலு வரியும் 'அன்றீச்சபிள்', எட்டேலாது எண்டு வந்துது. ஸ்கிறீனை என்ர பக்கம் திருப்பி, "பாருங்கோ அக்கா, மெசின் பதிலே சொல்லேல்ல, உள்ள நெற்வேர்க் கார்ட் எரிஞ்சிட்டுது" எண்டான். கண்ணுக்கு முன்னால காட்டினவனை எப்பிடி நம்பாமல் விடுறது? 20,000 முற்பணம் குடுத்தன். அஞ்சு நாளால கொண்டுவந்து பூட்டினவுடன பிறின்ற் வந்துது, மிச்சம் 18,500ஐயும் எண்ணிக் குடுத்தன். பில்லில ஒரே ஒரு சொல்லு, 'சேர்விஸ்'.

ஒன்பதாம் நாள் கரண்ட் போய் வந்துது. திரும்பவும் ஒஃப்லைன்.

போன் எடுத்தா "முதலாளி வெளியில நிக்கிறார்". பிறகு எடுத்தா "கரண்டால போனதுக்கு வொறன்ரி இல்லை அக்கா". மூண்டாந்தரம் "மெயின் போட்டும் போயிருக்கும், இன்னும் 25,000 வரும்". சரி, கழட்டின பழைய கார்ட்டையாவது தாங்கோ எண்டு கேட்டன், குப்பையில போட்டாச்சாம். அதுக்குப் பிறகு வட்ஸ்அப்பில நீலச் சரி விழுது, பதில் இல்லை.

நேற்று அண்ணேன்ர பெடியன் வந்தவன், கம்பஸில படிக்கிறான். முதல் வேலையா பிறின்ரர் பட்டனிலேயே கொன்ஃபிகரேசன் பேப்பரை, அதான் மெசின் தன்ர செட்டிங்குகளை அச்சடிச்சுத் தாற பேப்பரை, எடுத்தான். அதில ஐபி, அதான் நெற்வேர்க் விலாசம், 192.168.1.23. அதுக்கு பிங் அடிச்சா உடன பதில் வருது! "மாமி, 50 பழைய றவுட்டர் குடுத்த விலாசம். ஆள் இடம்பெயர்ந்து போயிட்டார், கடைக்காரர் பழைய வீட்டுப் படலையில நிண்டு கூப்பிட்டிருக்கிறார்" எண்டான். கடைக்காரர் செய்தது கொம்பியூட்டரில புது விலாசத்தை அடிச்சது மட்டும்தான், கரண்ட் போய் வர றவுட்டர் வேற விலாசம் குடுத்திட்டுது.

இன்னொண்டு கேளுங்கோ. மெசின் வேண்டினபோது எடுத்த அதே பேப்பர் ஒண்டு லாச்சிக்குள்ள பழைய பில்லுகளோட கிடந்தது. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தம், மக் அட்ரஸ் எண்டு 12 எழுத்து இருக்கு, கார்ட்டுக்குக் கார்ட் வேற. ஒரு எழுத்து மாறேல்ல. கார்ட் மாத்தவே இல்லை! 38,500!

பெடியன் றவுட்டருக்குள்ள போய் அந்த விலாசத்தை பிறின்ரருக்கெண்டே ஒதுக்கினான், கொம்பியூட்டருகளில புது ரிசிபி போர்ட் (நெற்வேர்க்கால பிறின்ரருக்குப் போற வழி) போட்டு, அதில றோ, 9100 எண்டு விட்டான். ஒரு கொம்பியூட்டர் மட்டும் அப்பவும் ஒஃப்லைன் எண்டு நிண்டுது, போர்ட் செட்டிங்கில எஸ்என்எம்பி (பிறின்ரரின்ர நிலையைக் கேட்டுப் பாக்கிற வசதி) எண்டதுக்குப் பக்கத்தில இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட அதுவும் வழிக்கு வந்துது. எல்லாம் இருவது நிமிசம், அதுக்குள்ள ரெண்டு வடையும் சாப்பிட்டான்.

வடிவா ஒவ்வொண்டா எழுதத்தான் இருந்தனான், இப்ப மனம் சரியில்லை. கொப்பி எடுக்குது, பிறின்ற் மட்டும் வரேல்ல எண்டா முதல் அந்தப் பேப்பரை எடுத்து ஐபியைப் பாருங்கோ. 169.254 எண்டு தொடங்கினா றவுட்டரிட்ட இருந்து விலாசமே கிடைக்கேல்ல, வயரைப் பாருங்கோ. மெசினை வெளியில குடுக்க முதல் மக் அட்ரஸைப் படம் எடுங்கோ, கழட்டின சாமானைக் கையில வேண்டுங்கோ, பில்லில என்ன மாத்தினது எண்டு எழுதுவியுங்கோ.

நாளைக்கு 1977 எண்ட போன் இலக்கத்துக்கு அடிச்சு நுகர்வோர் அதிகார சபையிட்ட சொல்லப்போறன். ரெண்டு பேப்பரும் பைலில பத்திரமா கிடக்கு.