மூன்று குளிர்காலம், ஐந்து விரிப்பு: ரக் ஹூக்கிங் பழகிய கதை

ரக் ஹூக்கிங் என்பது கம்பளிப் பட்டையைக் கொக்கியால் துணியில் இழுத்துத் தரைவிரிப்பு செய்யும் கைவேலை. ஆனால் நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது ரக் ஹூக்கிங் சாமானே இல்லை. பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்து ஏமாந்தேன். திறந்தால், துண்டு துண்டாக வெட்டிய நூலும், திறந்து மூடும் நாக்கு வைத்த ஊசியும் இருந்தன. அது லேட்ச் ஹூக். வலை போன்ற கான்வாஸில் ஒவ்வொரு நூலாக முடிச்சுப் போடும் வேலை. பஞ்ச் நீடில் என்று இன்னொன்று உண்டு, அதில் துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியைக் குத்திக்கொண்டே போக வேண்டும். ரக் ஹூக்கிங் இரண்டிலும் சேராது. மரப்பிடி போட்ட, குரோஷே ஊசி மாதிரியான கொக்கியை மேலிருந்து துணிக்குள் விட்டு, அடியில் இடது கையில் இருக்கும் கம்பளிப் பட்டையை வளையமாக மேலே இழுக்க வேண்டும். முடிச்சே கிடையாது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் பிடிமானம்.

ஹாலிஃபாக்ஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நூலகத்தில் வாரம் ஒரு நாள் கூடும் பெண்களிடம் பழகினேன். கனடாவின் அட்லாண்டிக் கரையில் இது பாட்டிமார் காலத்து வேலை. 19ஆம் நூற்றாண்டில் சணல் சாக்குகள் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும், காலிச் சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் கட்டி, கிழிந்த துணிகளைப் பட்டையாக்கி இழுத்திருக்கிறார்கள். குளிர்ந்த தரையில் போட ஒன்று வேண்டும், கடையில் வாங்க வசதியில்லை, அவ்வளவுதான் காரணம். அந்தச் சணலோ வங்காளத்து மண்ணில் விளைந்தது. இதை அம்மாவிடம் வீடியோ அழைப்பில் பெருமையாகச் சொன்னேன். "என்னடி, இங்க அரிசி மூட்டை கட்டுற சாக்கை அங்க போய் நோண்டிக்கிட்டிருக்கே?" என்றார்.

அந்தச் சாக்குத் துணிதான் என் இரண்டாவது தவறு. மலிவு என்று வாங்கினேன். எம்பிராய்டரி வளையத்தில் இறுக்க இறுக்க இழை நகர்ந்து, ஓரிடத்தில் ஓட்டை பெரிதாகவும் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஆனது. முடித்து வாசலில் போட்ட இரண்டாம் வருடமே ஒரு மூலையில் இழை அற்றுப்போனது. பனியில் தூவிய உப்போடு பூட்ஸ் வந்து மிதித்த இடம் அது. இரண்டாவது விரிப்பிலிருந்து லினன்தான். விலை கூடுதல், ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அடித்துணியால் வீணாவதைவிட மேல். லினனுக்குக் கையில் காசில்லை என்றால் மாங்க்ஸ் கிளாத் என்ற பருத்தித் துணி போதும், மெத்தென்று இருக்கும். எதுவானாலும் படத்தைச் சுற்றி நாலு அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்துக்கு ஜிக்ஜாக் தையல் போட்டுவிடுங்கள்.

இனி கை வேலை. முதல் வாரம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. ஒரு வளையத்தை இழுத்தால் முந்தினது பிடுங்கிக்கொண்டு உள்ளே போகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் வலது கையைப் பார்க்கவே இல்லை. சட்டத்துக்கு அடியில் கையை விட்டு என் இடது கை விரல்களைப் பிடித்துத் திருத்தினார். பட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாக, துணியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கொக்கி வந்தால் அதன் வாயில் நாமே ஊட்டிவிட வேண்டும். மேலே இழுக்கும்போது கொக்கியை முந்தின வளையத்தின் பக்கம் லேசாகச் சாய்த்தால் அது அசையாது. வளையத்தின் உயரம் பட்டையின் அகலம் இருந்தால் போதும். பட்டையின் இரண்டு நுனியும் மேல்பக்கத்துக்கு வந்து, வளைய உயரத்துக்கு வெட்டப்பட வேண்டும். அடியில் ஒரு பட்டை இன்னொன்றைத் தாண்டிப் போகக்கூடாது.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: ஒவ்வொரு ஓட்டையிலும் இழுத்து அடைத்தேன். சட்டத்திலிருந்து எடுத்ததும் அப்பளம் மாதிரி சுருண்டது. கால் அங்குலப் பட்டைக்கு இரண்டு மூன்று ஓட்டைக்கு ஒரு தடவை இழுத்தால் போதும். பின்பக்கம் அங்கங்கே அடித்துணி தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

கம்பளிக்குப் பழைய துணிக்கடைதான் என் கதி. போர்வை, பாவாடை, கோட்டு என்று எதிலும் நூறு சதவீதம் கம்பளி என்ற சீட்டு இருந்தால் எடுப்பேன். வீட்டில் வெந்நீரில் துவைத்து டிரையரில் போட்டால் சுருங்கித் தடித்து, வெட்டினாலும் நூல் பிரியாது. ஆண்கள் சூட்டின் மழமழ கம்பளி வேண்டாம், அது தடிக்காது. வெட்டியதும் நார் நாராகப் பிரிந்தது. போடப் போகும் பரப்பைப் போல நாலைந்து மடங்கு துணி வேண்டும் என்பது கணக்கு. வானத்துக்கு எடுத்த நீலம் பாதியில் தீர்ந்து, அதே நீலம் ஊரெல்லாம் தேடியும் கிடைக்காமல் போனபின் இந்தக் கணக்கை மீறுவதில்லை. பட்டை வெட்டும் இயந்திரம் சில நூறு டாலர். மூன்று வருடமாக அளவுகோலும் உருளைக் கத்தியும் வைத்தே ஒப்பேற்றுகிறேன்.

போன கோடையில் இதே மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில் இருக்கும் ஷெட்டிக்காம்ப் என்ற ஊருக்குப் போனோம். இந்த வேலைக்குப் பேர் போன இடம். அங்கே துணிப் பட்டை இல்லை, மெல்லிய கம்பளி நூல். எலிசபெத் லெஃபோர்ட் என்ற அந்த ஊர்ப் பெண்மணி நூலிலேயே இழுத்த முகங்களை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்த்தேன். கன்னத்தின் நிழல்கூட வளையம்தான். நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கம் கிரென்ஃபெல் மிஷன் என்ற மருத்துவத் தொண்டு அமைப்புக்காக வேலை செய்த உள்ளூர்ப் பெண்கள், நன்கொடையாக வந்த பழைய பட்டுக் காலுறைகளைக் கத்தரித்துப் பனிக்கரடியும் நாய்வண்டியும் செய்தார்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் முதல் விரிப்புக்கு நூலையும் மெல்லிய பட்டையையும் தொடாதீர்கள், கை பழகாதவர்களுக்குக் கஷ்டம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது ஓரம் கட்டும் வேலை. ஈரத்துணி போட்டு நீராவியில் அழுத்தி, ஓரத்தை மடித்து, நூல் சுற்றி, பின்னால் நாடா வைத்துத் தைக்க வேண்டும். சலிப்பு என்றால் அப்படிச் சலிப்பு. என் மூன்றாவது விரிப்பு ஏழு மாதம் ஓரமில்லாமல் அலமாரியில் கிடந்தது. அதற்குள் பக்கத்துப் பையில் இருந்த கம்பளியில் அந்துப்பூச்சி ஏறி, ஒரு பை முழுக்கக் குப்பைக்குப் போனது. இப்போது எல்லாம் மூடிபோட்ட டப்பாவில். விரிப்பை வைப்பதென்றால் மடிக்காமல், வளையம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். சுழலும் பிரஷ் உள்ள வாக்குவம் கிட்டவே வரக்கூடாது, வளையத்தை உருவிவிடும்.

மற்ற நான்கு விரிப்பும் புழக்கத்தில் நன்றாகவே இருக்கின்றன. மூலை அற்றுப்போன அந்த முதல் சாக்கு விரிப்பைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கம்பளி சூடு தாங்குகிறது. சமையலறை மேடையில் அதன்மேல்தான் தினமும் குக்கரை இறக்கி வைக்கிறேன்.