ஆடித் தள்ளுபடியில் பேய் பிடிக்க வருகிறார்கள், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் உஷார்

நேற்று மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "ஆடிச் சிறப்புச் சலுகை! வீட்டு அமானுஷ்ய ஆய்வுக்கு 30 சதவீதம் தள்ளுபடி. மந்திரம் இல்லை, தந்திரம் இல்லை, முழுக்க அறிவியல் கருவிகள்." ஜவுளிக்கடை விளம்பரம்போல ஓரத்தில் மாவிலைத் தோரணம் வேறு. அனுப்பியவர்கள் நான்கு மாதத்துக்கு முன் என்னிடம் 34,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர்கள். ஏமாந்தவன் எண்ணைக்கூடப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

இதுவரை வெட்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆனால் தள்ளுபடி என்றால் ஆடியில் ஜவுளிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு என்ன பாடு படும் என்று நமக்குத் தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன். குழுவின் பெயரைப் போடவில்லை; பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள். செய்கிற வேலை மாறாது, அதைச் சொல்கிறேன்.

தை மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு முதல் மாடி வீட்டுக்குக் குடிபோனோம். கீழே வீட்டுக்காரர். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் அங்கே தனியாக இருந்து, அங்கேயே இறந்துபோனாராம். அவருடைய சாய்வு நாற்காலி ஹாலில் கிடந்தது. "நல்ல தேக்கு, நீங்களே வெச்சிக்கங்க" என்றார் வீட்டுக்காரர். வைத்துக்கொண்டோம்.

மாசியில் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணி சுமாருக்குப் படுக்கையறைச் சுவரில் டொக், டொக், டொக். மூன்றே தட்டு, அப்புறம் அமைதி. அடுத்த வாரம் என் மனைவி வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துட்டாங்க. கண்ணு தெறந்திருக்கு, கை கால் வரல, கத்தவும் முடியல." ஜன்னல் பக்கம் ஓர் உருவம் நின்றதாகவும் சொன்னாள். ஒரே வாரத்தில் இரண்டு முறை. எதிர்வீட்டு ஆயா தன் பங்குக்கு, "பெருசு அந்த நாக்காலிலதான் உக்காந்தாப்புல போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனது.

அம்மா தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்றாள். அதைச் செய்திருந்தால் உண்டியலில் பத்து ரூபாயோடு முடிந்திருக்கும். நான்தான் வீராப்பாக, எலுமிச்சம்பழம், முட்டை, கறுப்புக்கோழி எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். படித்தவன் இல்லையா? செல்போனில் தேடினேன். டீஷர்ட்டில் ஒரே மாதிரி முத்திரை குத்திய நான்கு பையன்கள், கையில் மீட்டர், தலையில் கேமரா. "நாங்கள் நம்பச் சொல்லவில்லை, நிரூபித்துக் காட்டுகிறோம்" என்று வீடியோவில் பேசினார்கள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

முதல் வருகைக்கு 7,500. இரவு பதினொரு மணிக்கு வந்தார்கள், விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். ஐந்து சின்ன லைட் வரிசையாக இருக்கும் ஒரு மீட்டர். அதைச் சுவரோரம் கொண்டுபோனதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறியது. தலைவன் மாதிரி இருந்தவன் நாற்காலியைப் பார்த்து, "ஐயா, இங்கே இருந்தீங்கன்னா ஒரு தடவை லைட்டை எரிய விடுங்க" என்றான். எரிந்தது. என் முதுகெல்லாம் சில்லிட்டுவிட்டது, மறைப்பானேன். வெப்பமானித் துப்பாக்கியைச் சுவரில் காட்டினார்கள். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு டிகிரி குறைவு. கடைசியாக ஒரு பெட்டி, கரகரவென்று இரைந்துகொண்டே இருந்தது. நடுவில் தெளிவாக ஒரு குரல்: "போ."

மனைவி அழுதுவிட்டாள். அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை.

இரண்டாம் இரவு "விரிவான ஆய்வு", 12,000. மறுநாள் பதினான்கு பக்கத்துக்கு பி.டி.எஃப். அறிக்கை வந்தது, வரைபடங்களோடு. ஆவி நாற்காலியில் இருக்கிறது, இப்போது குழந்தையின் பக்கம் திரும்புகிறது, உடனே "சக்திச் சுத்திகரிப்பு" செய்யவேண்டும், 25,000. எட்டு வயதுப் பெண் குழந்தையைச் சொன்னால் எந்த அப்பன் பேரம் பேசுவான்? சீட்டுப் பணம் எடுத்து 15,000 முன்பணம் அனுப்பினேன். பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸில் வேலை எனக்கு. ஒரு கன்டெய்னருக்கு ஏழு காகிதம் கேட்கிறவன் இவர்களிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

சுத்திகரிப்பு என்பது என்ன தெரியுமா? நீல விளக்கு, சாம்பிராணி, ஸ்பீக்கரில் ஓம்காரம். மந்திரம் இல்லை என்றவர்கள்தான். முடித்துவிட்டுப் போனார்கள். அன்று விடியற்காலை மூன்று இருபதுக்கு: டொக், டொக், டொக்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான் வந்தான். எலக்ட்ரீஷியன். மீட்டர் ஏறிய சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட இன்னா கீது?" என்றான். பக்கத்து வீட்டு ஹால். போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டி இன்வெர்ட்டர். அந்த மீட்டர் மின்சாரத்தைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தை அளப்பது, அவ்வளவுதான். அதே ரகத்தில் ஒன்றை நானே ஆன்லைனில் வாங்கினேன் (சூடு பட்டும் புத்தி வரவில்லை என்றாள் மனைவி). ஃப்ரிட்ஜ் மோட்டார் அருகே எரிந்தது. மிக்ஸி பக்கத்தில் எரிந்தது. செல்போனை ஒட்டி வைத்து அழைத்தால் குதித்துக் குதித்து எரிந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: பெரியவரிடம் கேள்வி கேட்டவன் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. தெருமுனை மின்வாரியப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஐந்து லைட்டும் அணையாமல் நின்றன. அந்தக் கணக்கில் எங்கள் தெருவிலேயே பெரிய ஆவி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கவேண்டும்.

மூன்று மணித் தட்டு? அது தண்ணீர் வரும் நேரம். கீழே வீட்டுக்காரர் எழுந்து மோட்டார் போடுகிறார். மாடித் தொட்டிக்குப் போகும் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவர் வழியாக ஏறுகிறது. மோட்டாரை நிறுத்தியதும் ஏறிய தண்ணீர் திரும்பி விழுந்து குழாயை உதைக்கிறது. கிளாம்ப் ஒன்று கழன்றிருந்ததால் குழாய் சுவரில் மோதுகிறது. சுவரின் அந்த இடம் மட்டும் குளிர்ந்திருந்ததும் அதே குழாயால்தான். புது கிளாம்ப் நாற்பது ரூபாய். அன்றிலிருந்து பெரியவர் தட்டுவதில்லை.

"போ" என்ற குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி ஒரு வானொலி. எஃப்.எம். அலைவரிசைகளை நிற்காமல் ஓட்டிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் நொடிக்கும் குறைவான துண்டு காதில் விழும். சென்னையில் விடிய விடிய ஏதோ ஒரு ஸ்டேஷனில் யாராவது பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருக்கிறார்கள். நூறு துண்டில் ஒன்று "போ" என்று கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர்கள் எடுத்த புகைப்படத்தில் மிதந்த வெள்ளை உருண்டைகள், தூசியில் ஃபிளாஷ் பட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடுகிற ஊரில் தூசிக்கா பஞ்சம்.

மனைவியின் விஷயம் மட்டும் பாக்கி. அவள் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். மருத்துவர் கேட்டதும் சிரித்தார்: நம் பாட்டிமார் அமுக்குவான் என்று சொல்வது இதைத்தான். கனவு வரும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. கனவில் ஓடினால் கட்டிலில் கால் ஓடக்கூடாது அல்லவா? சில நேரம் நாம் விழித்துவிடுகிறோம், பூட்டு திறக்கச் சற்று நேரமாகிறது. கனவின் மிச்சம் கண் முன்னால் நிற்கும், மூச்சு முட்டுவதுபோல இருக்கும். சரியாகத் தூங்காதவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வருமாம். என் மாமியார், அவளுடைய அம்மா, தவறியதிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. அதை நான் கவனித்திருக்கவேண்டும். மீட்டரைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க "18.98 ஹெர்ட்ஸ், ஆவிகளின் அலைவரிசை" என்று இருந்தது. ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. தேடிப் பார்த்தேன். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் விக் டேண்டி என்ற ஆங்கிலேயப் பொறியாளர். பேய் நடமாட்டம் என்று பேசப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவருக்கே கண்ணோரம் சாம்பல் நிற உருவம் தெரிந்திருக்கிறது. ஒருநாள் பட்டறைப் பிடியில் மாட்டி வைத்த வாள்வீச்சு வாள் தானாக அதிர்வதைப் பார்த்து நோண்டியிருக்கிறார். புதிதாகப் பொருத்திய காற்றுப்போக்கி விசிறி, காதுக்குக் கேட்காத அந்த அதிர்வை உண்டாக்கிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் உருவமும் போனது. 1998இல் கட்டுரையாகவே எழுதினார். பேய் இல்லை, விசிறி என்று சொன்ன மனிதரின் எண்ணை எடுத்துப் பேய்க்கே முகவரியாகப் போட்டிருக்கிறார்கள். அதோடு, லண்டனில் ஒரு குழு வெற்று அறைக்குள் இதுபோன்ற அதிர்வையும் காந்தப்புலத்தையும் ரகசியமாக விட்டும் நிறுத்தியும் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டது. கருவி ஓடினாலும் நின்றாலும் ஆட்களுக்கு ஏதேதோ தோன்றத்தான் செய்தது. இங்கே ஏதாவது தோன்றலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியதே போதுமாக இருந்திருக்கும்போல.

காவல் நிலையத்துக்கும் போனேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எறும்பு சைஸ் எழுத்தில்: "இந்தச் சேவை பொழுதுபோக்கு நோக்கத்துக்கு மட்டும்." கீழே என் கையெழுத்து. பதினான்கு பக்கத்தில் உண்மையான வரி அது ஒன்றுதான், அதை நான் படிக்கவில்லை.

எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு பெரியவர் உண்டு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப்போயிருக்குது?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். எழுந்துபோய் ஓர் எலுமிச்சம்பழமும் கத்தியும் கொண்டுவந்தார். வெட்டினார். ரத்தமாகச் சொட்டியது. கத்தியில் முன்பே செம்பருத்திப் பூவைத் தேய்த்து வைத்திருந்தாராம். புளிப்புப் பட்டதும் சிவக்கும். "இதுக்கு ஏமாறமாட்ட. லைட்டு போட்டா ஏமாந்துடுவ" என்று சிரித்தார். சிவந்தது உண்மை, லைட் எரிந்ததும் உண்மை. ரத்தம், ஆவி என்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவன் சொல்லும் கதை.

அவர் மூலமாகத்தான் கோவூரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆபிரகாம் கோவூர், கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். ஏமாற்ற வழியில்லாத நிலையில் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டினால் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கவில்லை. நம் கோவைப் பக்கம் போத்தனூர் பிரேமானந்தும் ஊர் ஊராகப் போய்ச் சாமியார் வித்தைகளைச் செய்துகாட்டி, அதேபோல் சவால் விட்டவர்தான். அமெரிக்காவில் மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டி இதேபோன்ற சவாலை 1964இல் ஆயிரம் டாலரில் தொடங்கினார். 1996இல் அது பத்து லட்சம் டாலர் ஆனது. ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2015இல் மூடும்வரை முதல்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. இத்தனைக்கும் சோதனை எப்படி நடக்கவேண்டும், எது வெற்றி என்பதை இரண்டு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டுதான் நடக்கும்.

மனைவியின் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "பேய் இல்லன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" என்று மடக்கினார். முடியாதுதான். படிப்பகப் பெரியவரிடம் சொன்னேன். "பேய் கீதா இல்லியான்னு அப்பால பாத்துக்கலாம் நைனா. துட்டு வாங்கினவன் சொன்னத செய்றானான்னு மொதல்ல பாரு" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் சோதனையை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாற்காலி, ஒன்று அந்தத் தேக்கு நாற்காலி. எல்லாம் போர்வையால் மூடியிருக்கும். மெயின் ஸ்விட்ச் அணைப்பு, செல்போன்கள் வெளியே. எது எங்கே என்று அடுக்கியவர் அறையில் இருக்கக்கூடாது. மீட்டரை வைத்து ஆவி நாற்காலியைக் காட்டவேண்டும், பத்து முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே இரண்டு முறை சரியாக வந்துவிடும். ஏழு முறை சரியாகச் சொன்னால் ஜெயித்தார்கள்.

அப்போதே அவர்களுக்கு அனுப்பினேன். "சந்தேகப்படும் இடத்தில் ஆவி வெளிப்படாது சார்" என்று பதில் வந்தது. சந்தேகமே இல்லாமல் பணம் கட்டிய என் வீட்டில் மட்டும் மூன்று ராத்திரியும் வெளிப்பட்டது. மீதி 10,000 கேட்டு இரண்டு முறை கூப்பிட்டார்கள், கொடுக்கவில்லை. கொடுத்தது திரும்பவும் இல்லை.

நேற்று தள்ளுபடிச் செய்தி வந்ததும் அதே காகிதத்தைப் படம் எடுத்து மறுபடி அனுப்பினேன். நாற்காலி இங்கேயேதான் இருக்கிறது, ஏழு முறை சரியாகக் காட்டினால் பாக்கி 10,000த்தோடு இன்னொரு 50,000 தருகிறேன் என்றும் எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.