செட்டிநாட்டில் கள ஆய்வு: தில்லிப் பணமா, சென்னைப் பணமா, அறக்கட்டளைப் பணமா?

அறிவியல் ஆய்வுக்கு ஊரும் அரசும் சேர்ந்து பணம் போட்ட வரலாறு காரைக்குடிக்கு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. சமூக அறிவியலுக்கு இங்கே அப்படி ஒன்று அமையவில்லை. வட்டிக்கடைப் பேரேடுகளையோ கண்மாய்ப் பாசனத்தையோ கண்டாங்கி நெசவையோ ஆராயப் புறப்படும் காரைக்குடி, தேவகோட்டை ஆய்வாளர் பணத்துக்கு வெளியேதான் கை நீட்ட வேண்டும். தொகையை மட்டும் வைத்து வழிகளை ஒப்பிடுவது தவறு. பணம் எங்கிருந்து வருகிறதோ, அதற்கேற்ப ஆய்வாளர் கேட்கக்கூடிய கேள்வியும் மாறிவிடுகிறது.

முதலில் தில்லி. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, அதாவது ஐசிஎஸ்எஸ்ஆர், 1969இல் தன்னாட்சி அமைப்பாகத் தொடங்கப்பட்டது. ஆனால் பணம் மத்திய கல்வி அமைச்சகத்திலிருந்து வருகிறது, தலைவரை நியமிப்பதும் மத்திய அரசுதான். அரசின் விருப்பம் எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு 2018இல் வந்த இம்ப்ரஸ் என்ற கொள்கை ஆய்வு நிதித் திட்டம் நல்ல சான்று. 414 கோடி ரூபாய், 1,500 ஆய்வுகள் என்ற இலக்கு, 11 துறைகள். துறைகளின் பெயர்கள் அகலமானவைதான். ஆனால் அரசுக் கொள்கைக்குப் பயன்பட வேண்டும் என்பதே அடிப்படையாக இருந்தது. கிராமப்புற வேலைவாய்ப்பு ஆய்வு அதுபோன்ற திட்டத்தில் எளிதாகப் பொருந்தும். தேவகோட்டை அருகே கண்டதேவிக் கோயில் தேரின் வடத்தை எந்தெந்தச் சாதியார் தொடலாம் என்ற நீதிமன்ற வழக்கின் சமூக வரலாறு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. யாரும் தடை போட வேண்டியதில்லை, விண்ணப்பம் எழுதும்போதே ஆய்வாளர் கேள்வியை மழுப்பிவிடுகிறார். இதைத்தான் நாங்கள் பெரிய இழப்பாகக் கருதுகிறோம்.

இருந்தும், வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆய்வுக்கு இதற்கு ஈடான பணம் வேறெங்கும் கிடைப்பது கடினம். 300 வீடுகள் என்று வையுங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 4 பேட்டி எடுத்தால் இரண்டு பேருக்கு 38 நாள் களவேலை. பூட்டிய வீடுகளுக்குத் திரும்பப் போக இன்னும் 10 நாளாவது ஒதுக்க வேண்டும், செட்டிநாட்டில் அது கட்டாயம். பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள்; கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் கோயில் விசேஷத்துக்கும்தான் ஊருக்கு வருவார்கள். தவணைப் பணம் அந்தக் காலம் பார்த்து வராது. நிதியாண்டின் கடைசியில் வந்து விழுந்தால், மார்ச் 31க்குள் செலவைக் காட்டும் அவசரத்தில் அந்த நேரம் ஊரில் இருப்பவர்களை மட்டும் பேட்டி எடுத்து மாதிரியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊர்வாரியாகக் குடும்பங்கள் வந்துபோகும் மாதங்களை முன்மொழிவிலேயே அட்டவணையாகக் கொடுத்துவிடுவது நல்லது. பேட்டி தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில் என்பதால் பேட்டியை எழுத்தாக்குவதற்கும் மொழிபெயர்ப்புக்கும் தனியாகத் தொகை கேட்க வேண்டும். விட்டுவிட்டால் அது ஆய்வு உதவியாளரின் தலையில் விழும்.

கணக்கில் சறுக்குபவர்களும் அதிகம். பயன்பாட்டுச் சான்றிதழ் 2017 பொது நிதி விதிகளின் 12-அ படிவத்தில் போக வேண்டும். கல்லூரிக் கணக்கில் கிடந்த மானியத்துக்குச் சேர்ந்த வட்டியையும் அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். ஒரு செலவுத் தலைப்பில் வாங்கிய பணத்தை அனுமதியில்லாமல் இன்னொரு செலவுத் தலைப்பில் செலவிட்டால் தணிக்கையில் நிற்கும். அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசித் தவணை வராது.

மாநில அரசின் பணம் பக்கத்தில் இருக்கிறது, தமிழும் பிரச்சினை இல்லை. அதன் அரசியலுக்குச் சிவகங்கை மாவட்டத்திலேயே கீழடி இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை, 2017இல் அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா அசாமுக்கு மாற்றப்பட்ட சர்ச்சைக்குப் பின், 2018இல் நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறை எடுத்து நடத்தியது. 2023இல் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. தில்லி கைவிட்டதைச் சென்னை செய்து காட்டியது பெருமைதான். ஆனால் தமிழின் தொன்மைக்குத் தாராளமாகத் திறக்கும் கை, இன்றைய சாதி உறவுகளைப் பற்றிய ஆய்வுக்கு அதே அளவு திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நலத்திட்ட மதிப்பீட்டில் இன்னொரு சிக்கல்: திட்டத்தை நடத்தும் துறையே ஆய்வுக்கும் பணம் தந்தால், முடிவை வெளியிட அதன் அனுமதி தேவைப்படும். தரவை வெளியிடும் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் சிறு கல்லூரிக்கு ஏறத்தாழ மூடிய கதவு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், பதிவுபெற்ற அமைப்பு தான் பெற்றதை இன்னொரு அமைப்புக்குப் பகிர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஐசிஎஸ்எஸ்ஆர் அங்கீகாரம் பெற்ற தில்லி கொள்கை ஆராய்ச்சி மையத்துக்கே 2024 ஜனவரியில் வெளிநாட்டு நன்கொடை பெறும் உரிமம் ரத்தானது.

இனி, நம்மூர் அறக்கட்டளைகள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1994இல் விலைகொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அவை சென்னையிலேயே நூலகமாக நிலைத்தது நம் நல்லூழ். அந்த அளவு பணம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தில் இல்லாமலில்லை. இந்தப் பணத்தின் பலம், கதவு திறக்கும். ஒரு வகையறாவின் பேரேடுகளைப் பார்க்க அரசுக் கடிதத்தைவிடப் பெரியவர் ஒருவரின் சொல் உதவும். பலவீனமும் அங்கேதான். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்களின் கையில் இருந்தது. வட்டி விகிதமும், கடனுக்கு ஈடாக நிலம் கைமாறிய விவரமும் அந்தப் பேரேடுகளில் இருக்கும். பணம் தரும் குடும்பம் குடும்பப் பெருமை பேசும் மலரை எதிர்பார்த்தால் ஆய்வு அங்கேயே முடிந்தது.

ஆகவே அறக்கட்டளையிடம் ஆவணப் பாதுகாப்புக்கும் மின்படியாக்கத்துக்கும் மட்டும் பணம் கேளுங்கள். வீடு பொதுவில் இருந்தால் ஒரு பங்காளியின் சம்மதம் போதாது, எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும். ஒரு படி குடும்பத்துக்கு, ஒரு படி பல்கலைக்கழக நூலகத்துக்கு, எத்தனை ஆண்டுக்குப் பின் பொதுப் பார்வைக்கு, வெளியீட்டுக்கு முன் குடும்பம் எந்தெந்தப் பெயர்களை மறைக்கச் சொல்லலாம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

அந்தப் பேரேடுகளைப் படித்து எழுதுபவரின் சம்பளம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். அதற்கு எங்கள் தேர்வு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. களப் பணியாளரை அமர்த்த இது போதாது. பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதிசெய்யத் தவறினால் தொகை நின்றுவிடும். ஆனால் இது தேர்வில் வென்ற ஆளுக்குக் கொடுக்கப்படுவது, தலைப்புக்கு அல்ல. கண்டதேவி போன்ற பொருளை எடுப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான அரசுப் பணம் இல்லை. இதிலும் கை வைக்க முயற்சி நடக்காமலில்லை. 2019இல் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், முனைவர் பட்டத் தலைப்புகள் தேசிய முன்னுரிமைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022இல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. திட்டங்களுக்குக் கூடுதல் கோடி கேட்பதற்கு முன்னால், இந்த உதவித்தொகைகளின் எண்ணிக்கையைக் கூட்டவும் நிறுத்தியதைத் திரும்பத் தரவும் ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும்.