போன் வாசிக்கும் தமிழ்ச் செய்தி: எண் வந்தால் மட்டும் நம்பாதீர்கள்

பெரம்பூரில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான். அவன் அப்பா ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிறவர், இப்போது இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. “உங்க அம்மாவுக்கு போனே செய்தி வாசிக்கிற மாதிரி செஞ்சு கொடுத்தியே, அது இப்ப எப்படிடா இருக்கு? அப்பாவுக்குப் போடலாமா?” என்றான். வாட்ஸாப்பில் ரெண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. சமீபத்தில் ஒரு அப்டேட் வந்து குரலே மாறிப்போன பிறகும் பழைய கோளாறு அப்படியே இருப்பதைப் பார்த்து எனக்கு ஏற்கெனவே எரிச்சல். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

எப்படிப் போடுவது, தமிழ்க் குரலை எங்கே போய் இறக்குவது என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். எந்த கம்பெனி குரல் என்றும் சொல்லப்போவதில்லை. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், நான் சொல்லும் வியாதி எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ இருக்கிறது.

முதலில் எனக்காகத்தான் வைத்தேன். காலையில் சைதாப்பேட்டையில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போகிற ரயிலில் ஒரு கை கம்பியில் இருக்கும், இன்னொரு கை முதுகுப் பையை முன்பக்கம் பிடித்திருக்கும், போனைப் பார்க்கவே முடியாது. காதில் மாட்டிக்கொண்டால் மாம்பலம் கூட்டம் ஏறி இறங்குவதற்குள் தலைப்புச் செய்திகள் முடிந்திருக்கும், எழும்பூர் வருவதற்குள் தொழில்நுட்பப் பக்கமும் முடிந்துவிடும். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு கம்பெனியின் அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோனதே, அதைப் பற்றிய விளக்கக் கட்டுரைகள் எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். நீளமான கட்டுரைக்கு இது அருமை. கண்ணால் படிக்கும்போது தாவிவிடுகிற பத்தியைக் காது தாவுவதில்லை.

அப்புறம் அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை குறைந்தது. டிவி இருக்கிறதே என்பார்கள், ஆனால் டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை. பழைய போன் ஒன்றில் இதைப் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அடுப்படி மேடையில் வைத்தேன். இவ்வளவு ஒட்டிக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே தலையங்கம் கேட்பார். முன்பெல்லாம் சினிமாவும் கோயில் செய்தியும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார், இப்போது டேட்டா பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் பேசுகிறார். “ஆதார் நம்பரைக் கடைக்காரன் கேட்டா கொடுக்கணுமாடா?” என்று என்னிடம் கேட்டார், நான் சரியான பதில் சொல்ல அந்தச் சட்டத்தைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. இந்த ஒன்றுக்காகவே இதை உருவாக்கியவர்கள் அத்தனை பேருக்கும் நான் கடமைப்பட்டவன்.

சரி, இப்போது வியாதிக்கு வருகிறேன். எண்.

வர்ணனை வந்தால் நன்றாக வாசிக்கிறது, அரசியல் அறிக்கை வந்தால் நன்றாக வாசிக்கிறது. செய்தியில் எது முக்கியமோ, எத்தனை, எப்போது, எவ்வளவு என்பதில் சரியாகக் கவிழ்கிறது. தமிழில் எண்ணுக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும், நாம் அதைச் சின்னக் கோடு போட்டு எழுதுவோம். “2010-ல்” என்று இருந்தால் படிக்கிறவர் இரண்டாயிரத்துப் பத்தில் என்று தானாகவே மாற்றிக்கொள்வார். குரல் “இரண்டாயிரத்து பத்து... இல்” என்று நிறுத்தி இழுக்கும். “100-க்கும் மேற்பட்டோர்” என்பது நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆகாமல் “நூறு இக்கும்” ஆகிறது. “15-ம் தேதி” படும் பாட்டை எழுத்தில் காட்டவே முடியாது. நம் மொழியில் நூறு என்பது நூற்று என்று திரிவதும் ஆயிரம் ஆயிரத்து ஆவதும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் வாயில் வருகிற விஷயம். எந்த இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினாலும் விதி கிடைக்கும். அதைக்கூடச் செய்யாமல் விட்டிருக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

அடுத்தது புள்ளி. தமிழ்ப் பத்திரிகைகள் புள்ளியை எதற்கெல்லாம் வைக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நேரத்துக்கு வைக்கிறோம், தசமத்துக்கு வைக்கிறோம், ரூபாய்ச் சுருக்கத்துக்கு வைக்கிறோம், கி.மீ., செ.மீ.க்கு வைக்கிறோம், ஆள் பெயரின் முதலெழுத்துக்கு வைக்கிறோம், வாக்கியம் முடிந்தாலும் அதையேதான் வைக்கிறோம். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு. அன்றைக்கு இரவு அம்மா கேட்டது “மாலை ஆறு புள்ளி பூஜ்ஜியம் நான்கு மணிக்கு”. திட்ட இயக்குநர் பி.வீரமுத்துவேல், நம் விழுப்புரத்துக்காரர், அவர் பெயர் வந்த இடத்திலெல்லாம் “பி” என்று ஒரு வாக்கியம் முடிந்து, மூச்சு விட்டு, “வீரமுத்துவேல்” என்று புது வாக்கியம் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் முதலெழுத்து இல்லாத ஆள் யார் இருக்கிறார்கள்? ஒரு அமைச்சரவைப் பட்டியலை இந்தக் குரலில் கேட்டுப் பாருங்கள், எந்த எழுத்து யாருக்குச் சொந்தம் என்றே தெரியாது.

இதெல்லாம் காதுக்கு எரிச்சல், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். மழைக்காலத்தில் விட முடியாது.

நாங்கள் இருப்பது அடையாற்றிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்ததும் அதற்குப் பிறகு சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் என்ன ஆயின என்பதும் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து இந்தத் தெருவில் எல்லோரும் ஏரிக் கணக்கு பேசுவார்கள். செம்பரம்பாக்கத்தின் மொத்த உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி என்பது மளிகைக் கடையில் நிற்பவருக்கும் மனப்பாடம். மழை பெய்தால் நாங்கள் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான், வினாடிக்கு எத்தனை கனஅடி திறக்கிறார்கள்.

ஒரு மழை நாளில் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா பீரோவின் கீழ்த் தட்டிலிருந்து புடவைகளை எடுத்துக் கட்டிலில் பாதி அடுக்கிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அரிசி டின் தரையிலேயே இருந்தது. என்னம்மா என்றேன். “ஐந்நூறுதான் திறந்திருக்கானாம், ஒண்ணும் பயமில்ல” என்றார். போனை வாங்கி நானே படித்தேன். எண் ஆயிரக்கணக்கில் இருந்தது. ஆயிரத்தைக் காட்டும் காற்புள்ளிக்குப் பிறகு அவசரத்தில் யாரோ ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். குரல் அதை இரண்டு எண்ணாக உடைத்து, முதல் எண்ணைச் சொல்லிக் கொஞ்சம் நிறுத்தி, “ஐந்நூறு கன அடி” என்று தெளிவாக, அழகாக வாசித்திருக்கிறது. திரையில் பார்க்கிற கண் அந்த இடைவெளியைக் கவனிக்கவே கவனிக்காது. அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இந்தக் குரல் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பார்வை சரியாக இருப்பவர்கள் திரும்ப ஒருமுறை திரையைப் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு இது உண்மையாகவே தேவையோ அவர்களால் பார்க்க முடியாது.

கம்பெனிகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை, செய்தி போடுகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. கட்டுரை நடுவில் நாலு பத்திக்கு ஒருமுறை “இதையும் படியுங்கள்” என்று ஒரு வரியைச் சொருகுகிறார்கள். கண்ணுக்கு அது வேறு நிறத்தில் தெரியும், காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு விபத்துச் செய்தி, இறந்தவர்களின் ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் தங்கம் விலை சவரனுக்கு இவ்வளவு குறைந்தது என்று வந்து போகும். அம்மா ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், நிறுத்துடா இதை என்று. பிரவுசரில் கட்டுரையை மட்டும் தனியாகக் காட்டுகிற வாசிப்பு முறைக்கு மாற்றிவிட்டுக் கேட்டால் பாதி குறையும், முழுதாகப் போகாது.

அரசு அறிவிப்புகள் இன்னொரு கதை. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கிற பொது எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த பி.டி.எஃப். இன்றைக்கும் கையில் கிடைக்கிறது, அதைக் கொடுத்தால் குரல் வாயில் வந்த ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் உளறும். ஸ்கேன் செய்து படமாகப் போட்ட சுற்றறிக்கை என்றால் உளறல்கூட இல்லை, ஒரே அமைதி.

கோபத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழுக்குக் குரல் கொடுப்பது சுலபமான வேலை இல்லை. க என்ற ஒரே எழுத்தை இடத்துக்குத் தகுந்த மாதிரி வேறு வேறாக ஒலிக்கிறோம், தமிழ்ச் சொல்லில் அதற்கு ஒழுங்கு உண்டு, ஆனால் தொழில்நுட்பச் செய்தியில் பாதி வேறு மொழியிலிருந்து வந்த சொற்கள், அவற்றில் அந்த ஒழுங்கு உதவாது. அதைப் புதுக் குரல்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. இதற்குப் பின்னால் நம் ஊர் உழைப்பும் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு பல வருஷமாக இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கி வந்திருக்கிறது, களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியிலும் தமிழுக்காகவே வேலை செய்திருக்கிறார்கள். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை 2006-ல் ஆரம்பித்தவர் பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய இளைஞர். பார்வையற்றவர்கள் தகர டப்பா மாதிரி ஒலிக்கிற குரலில் பாடப் புத்தகமே படித்துத் தேர்வு எழுதி வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு முன்னால் என் புகார் சின்னது என்று தெரியும்.

ஆனால் அதனாலேயே இந்த அப்டேட் என்னை இன்னும் கோபப்படுத்துகிறது. புதுக் குரல் மூச்சு விடுகிறது, கேள்வி வந்தால் குரல் உயர்கிறது, துக்கச் செய்திக்குத் தாழ்கிறது மாதிரிகூட இருக்கிறது. ஒலிக்கு இவ்வளவு உழைத்தவர்கள் அதற்கு முந்தின படியைத் தொடவே இல்லை. எழுத்தை ஒலியாக்கும் முன் எண்ணையும் சுருக்கத்தையும் முழுச் சொல்லாக விரித்துக்கொள்கிற ஒரு வேலை இருக்கிறது, அங்கேதான் கோளாறு மொத்தமும். முன்பு தப்பாக வாசித்தபோது குரலும் இயந்திரமாக இருந்தது, கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும். இப்போது அதே தப்பைத் தன்னம்பிக்கையோடு, மனிதக் குரலில் சொல்கிறது. போதாக்குறைக்குப் பெரிய எண் வந்தால் சில சமயம் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. “இவ எதுக்கு இப்ப இங்கிலீஷ் பேசறா?” என்று அம்மா என்னைக் கேட்கிறார்.

ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமி வாசித்துக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அவர் ஓர் எண்ணைச் சொன்னால் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்காது.

நண்பனுக்குப் பதில். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைய எரிச்சலில் இரண்டுதான் கொடுப்பேன். ஆனாலும் போட்டுக் கொடு, இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் போட்டுக் கொடு. பேப்பர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இதைத் தள்ளிப்போடுவது பாவம், வந்தே பாரத் பெட்டி பற்றி ஏதாவது செய்தி வந்தால் தான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி அவர் கேட்டுக்கொள்ளட்டும். தமிழ்க் குரலைப் போனுக்குள்ளேயே முழுசாக இறக்கிவிடு, நெட் போனாலும் சேமித்து வைத்த செய்தியை வாசிக்கும். வேகத்தை ஒரு படி குறைத்து வை. நிறுத்துகிற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழக்கு, அதற்கு நாலைந்து நாள் பொறுமையாக அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அக்டோபர் வருவதற்குள் பேட்டரியில் ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்றும் வாங்கி வை, ஏரி நிலவரத்தை அதில் மனிதர் வாசித்துக் கேட்கட்டும். 8-வது ஊதியக் குழு, அகவிலைப்படி எத்தனை சதவீதம் என்று செய்தி வருகிற நாளில் மட்டும் போனை வாங்கி நீயே வாசித்துக் காட்டு.