பலாலியா, கட்டுநாயக்கவா? மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு எது வசதி

நேர்கோட்டில் பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர், கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 645. ஆனாலும் டிக்கெட்டில் போடும் நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72. மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும் காற்றாடி விமானம் அது. கட்டுநாயக்கவிலிருந்து போகும் ஜெட் 800ஐத் தாண்டும். தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்துச் சில இணையத்தளங்கள் பலாலிக்கு 27 நிமிடம் என்று காட்டும். அதை நம்பிச் சென்னையில் டொக்டரிடம் நேரம் எடுக்க வேண்டாம். மேலே ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர்ந்து போக என்று எப்படியும் அரை மணித்தியாலம் கூடும். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம் என்பதால் டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்தால் சரி.

ஆகவே வானத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது தரைவழியை. மட்டக்களப்பிலிருந்து இரண்டு விமான நிலையத்துக்குமே ஓர் இரவுப் பயணம் வேண்டும். (மட்டக்களப்பிலிருந்தே நேராகப் பறந்தால் சென்னை 610 கிலோமீற்றர் அளவுதான், கட்டுநாயக்கவை விடக் கிட்ட. அப்படி ஒரு சேவை இல்லாதது கிழக்குக்குப் பெரிய குறை.)

கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்தால் கொழும்புக்குள் போகத் தேவையில்லை. பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வந்து, நாரம்மலை, கிரிஉல்லை வழியாக நீர்கொழும்புக்குத் திரும்பச் சொல்லுங்கள். வெலிக்கந்தைக்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை றோட்டுக்கு வரும். சாரதி அங்கே மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், அந்த நேரத்தையும் சேர்த்தே புறப்படுங்கள். றெயினில் போனால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி 187 பஸ். பெரிய பெட்டிகளோடு அது சிரமம்.

பலாலியின் நல்ல பக்கம் அதன் சின்ன அளவு. குடிவரவு வரிசை குட்டை, நடந்தே விமானத்துக்குப் போய்விடலாம். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்கதவால், முன்பக்கம் சாமான் அறை. காற்றாடி இறக்கைக்கு முன்னால் சுழல்வதால் முன் வரிசைகளில்தான் இரைச்சல் அதிகம். பின் வரிசை கேளுங்கள். தலைக்கு மேல் உள்ள தட்டு ஒடுக்கம், சில்லு வைத்த கைப்பெட்டி பலதும் அதற்குள் போகாது. துணிப்பைதான் உதவும். இறக்கை மேலே இருப்பதால் கீழே கடல் தெளிவாகத் தெரியும். ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் ஏறாது, ஜெட் அதைவிட உயரத்தில் போகும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பலாலி விமானம் முகிலுக்குள் கூடுதலாகக் குலுங்கும்.

பலாலியில் பயம் என்றால், விமானம் ரத்தானால் அன்றைக்கு மாற்று கிடைப்பது அரிது. கட்டுநாயக்கவில் சென்னைக்கு ஒரு நாளில் பல விமானங்கள் உண்டு. வைத்தியத்துக்குத் திகதி குறித்துப் போகிறவர்களுக்கும் பாரமான சாமானோடு திரும்புகிறவர்களுக்கும் கட்டுநாயக்கவே சரி. யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கி, கைப்பையோடு போகிறவர்களுக்குப் பலாலி நல்ல தெரிவு.

எதில் போனாலும் விமானம் வெளிக்கிட மூன்று மணித்தியாலம் முன்னதாக நில்லுங்கள். செக்-இன் மேசையை ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். சென்னையில் இறங்கியதும் டாக்சிக்காரரோடு பேரம் பேச வேண்டியதில்லை. விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது; வடபழனிக்கு ஆலந்தூரில் மாற வேண்டும், சென்ட்ரலுக்கு மாறாமலே போகலாம்.