பின்விளைவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் இணைய அகராதி எவ்வளவு தூரம் உதவும்?

‘கனமழை எதிரொலி: பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற தலைப்பை ஆங்கிலமாக்கும்போது ‘எக்கோ’ வராது என்பது எல்லோருக்கும் தெரியும். எது வரும் என்பதில்தான் குழப்பம். ‘ஆஃப்டர்’ அல்லது ‘ஃபாலோயிங்’ போதும். செய்தி நடை வேண்டுமென்றால் ‘இன் த வேக் ஆஃப்’. இத்தகைய தேர்வுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் இந்த அகராதியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், ஒரு பெரிய குறையோடு.

முதலில் திறக்க வேண்டியது ‘ரிசல்ட்’ பெயர்ச்சொல் பதிவு. அதிலுள்ள ‘சினானிம்ஸ்’ (ஒத்த சொற்கள்) பெட்டியை விரித்தால் ரிசல்ட், கான்சிக்வன்ஸ், அவுட்கம், ரிபர்கஷன் நான்கும் பக்கம்பக்கமாக நிற்கும். கான்சிக்வன்ஸ் பெரும்பாலும் கெட்ட விளைவு. ரிபர்கஷன் மறைமுகமாக, சற்றுக் காலம் கழித்து வந்து தாக்குவது. அவுட்கம் ஒரு செயல்முறையின் முடிவு, நல்லதாகவும் இருக்கலாம். எந்த முன்னிடைச்சொல் சேரும் என்பதும் அங்கேயே உண்டு. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘விளைவு’ என்றே எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பெட்டி ஒன்றே போதும், தளத்துக்குப் போன பலன் கிடைத்துவிடும்.

‘ஆஃப்டர்மாத்’துக்கு சி1 நிலை, அதாவது ஆங்கிலத்தில் நன்கு தேறியவர்களுக்கான சொல், என்று குறித்திருக்கிறார்கள். போர், விபத்து போன்ற துயர நிகழ்வுக்குப் பிந்தைய நிலைமை என்பது விளக்கம். கல்யாணத்துக்கு மறுநாளை இச்சொல்லால் சொன்னால், மண்டபத்தில் ஏதோ அசம்பாவிதம் என்று அர்த்தமாகிவிடும். (முதல் அறுப்புக்குப் பின் தழைக்கும் புல்தான் இதன் பழைய பொருள்.)

குறை என்னவென்றால், அந்தப் பெட்டியில் ஆஃப்டர்மாத், ஃபால்அவுட், அப்ஷாட் (இறுதி விளைவு) எதுவும் கிடையாது. ஏற்கெனவே தெரிந்தவர்தான் தேடிப் போக முடியும். ‘வேக்’ என்று தேடினால் ‘விழித்தெழு’ என்ற வினைச்சொல் முன்னே வந்து நிற்கும். பக்கப் பட்டியலில் பெயர்ச்சொல்லைத் தேர்ந்து, அதன் மரபுத்தொடர் பகுதிக்கு இறங்கினால்தான் ‘இன் த வேக் ஆஃப்’ கிடைக்கும். ‘ஃபால்அவுட்’டைச் சேர்த்து எழுதினால் பின்விளைவு, பிரித்து எழுதினால் சண்டை போட்டுக்கொள்ளும் வினை.

வினைச்சொல்லாக ‘ரிசல்ட்’ வரும்போது எடுத்துக்காட்டுகளை நிதானமாகப் படியுங்கள். ‘ரிசல்ட் இன்’ என்றால் பின்னால் வருவது விளைவு. ‘ரிசல்ட் ஃப்ரம்’ என்றால் பின்னால் வருவது காரணம். ‘ரிசல்டட் டு’ என்று நம்மவர்கள் எழுதுவது தவறு.

விடுபட்ட சொற்களுக்கு லாங்மன் இணைய அகராதியையும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அதுவும் இலவசம்; சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதியிருப்பதால் படிக்கவும் சுலபம்.